தோட்டத்து ரயிலுக்கு மின்கலமும் வானொலியும்

மேலை நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் சிறு ரயில் ஓட்டுவது பெரியவர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்று. திருவிழாக் கடையில் நாம் காணும் சாவி கொடுக்கும் பொம்மை ரயிலோடு இதனை ஒப்பிடலாகாது. இத்தோட்டத்து ரயிலின் என்ஜின் ஒன்றே இரண்டு மூன்று கிலோ எடை இருக்கும். செடிகொடிகளுக்கு இடையே, சிறு ஜல்லி பரப்பிய பாதையில், மழையிலும் வெயிலிலும் நிலையாகக் கிடக்கும் தண்டவாளத்தின்மீது அது ஓடும். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் பால் லேமன் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் எல்.ஜி.பி. என்னும் பெயரில் இவ்வகை ரயில்களை வெளியிட்ட பிறகு இப்பொழுதுபோக்கு வேகமாகப் பரவியது.

அந்த ரயிலின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். உருவ அளவு உண்மை ரயிலில் 22.5இல் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 1,012 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் வரும். நம் பெற்றோர் காலத்தில் தமிழ்நாட்டின் பல வழித்தடங்களில் ரயில் ஓடிய மீட்டர்கேஜ் அதுவே. நீலகிரி மலைரயில் இன்றும் அந்தக் கேஜில்தான் ஓடுகிறது. எனவே இது நமக்கு முற்றிலும் அயலான பொருள் என்று எண்ண வேண்டாம்.

இயற்பியல் மாணவியாகிய நான் இதனை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழும் என் பெரியப்பா, பணி ஓய்வுக்குப் பின் தம் வீட்டுத் தோட்டத்தில் 24 மீட்டர் சுற்றளவுள்ள பாதை அமைத்து இத்தகைய ரயில் ஒன்றை ஓட்டி வந்தார். இரு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அவரால் தரையில் மண்டியிட முடியவில்லை. மண்டியிடாமல் தண்டவாளத்தைத் துடைக்க முடியாது. துடைக்காமல் ரயில் ஓடாது. “பேட்டரிக்கு மாத்திடலாம், இல்லேன்னா வித்துடலாம். கடைக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ பிசிக்ஸ்தானேம்மா படிக்கிறே, எதை வாங்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லு” என்று தொலைபேசியில் கேட்டார். இதற்கென அவர் ஒதுக்கியிருந்த தொகை 200 பவுண்டு. கணக்குப் போட்டேன். முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் நாம் செய்த ஆய்வகப் பயிற்சிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன என்பதால், அந்த முறையை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தண்டவாளம் ஏன் துடைக்கப்பட வேண்டும்?

வழக்கமான அமைப்பில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே வருகிறது. ஒரு தண்டவாளம் நேர்மின்முனை, மற்றது எதிர்மின்முனை. சக்கரங்கள் மின்னோட்டத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. அறைக்குள் இது நன்றாகவே நடக்கும். தோட்டத்தில் பித்தளைத் தண்டவாளத்தின்மேல் ஆக்சைடு படிகிறது. இலைச்சாறும் பறவை எச்சமும் படிகின்றன. இங்கிலாந்தின் ஈரத் தோட்டங்களில் இரவில் நத்தை ஊர்ந்த தடம்கூடக் காலையில் ரயிலை நிறுத்திவிடும். இவையெல்லாம் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே மின்கடத்தாப் படலமாகின்றன.

இணைப்புகளில் ஏற்படும் இழப்பு வேறு. பெரியப்பாவின் பாதை 30 சென்டிமீட்டர் துண்டுகளால் ஆனது. மின்சாரம் கொடுக்கும் இடத்திலிருந்து எதிர்க்கோடி 12 மீட்டர். அதாவது 40 இணைப்புகள். பழைய இணைப்பு ஒவ்வொன்றிலும் 0.05 ஓம் மின்தடை இருப்பதாகக் கொண்டால் ஒரு தண்டவாளத்தில் 2 ஓம். போகவும் வரவும் 4 ஓம். வட்டப்பாதையாதலால் இருபுறமிருந்தும் மின்னோட்டம் வரும்; பக்க இணைப்பு விதிப்படி நிகர மின்தடை 2 ஓம். ரயில் 0.9 ஆம்பியர் எடுத்தால் 1.8 வோல்ட் வழியிலேயே வீணாகும். எதிர்க்கோடியில் ரயில் தளர்ந்து போவதைக் கண்ணாலேயே காணலாம்.

மின்கலத்தை ரயிலிலேயே ஏற்றிவிட்டால் இவ்வளவும் நீங்கிவிடும். தண்டவாளம் வெறும் பாதையாகிவிடுகிறது. அது துருப்பிடித்தாலென்ன, நத்தை ஊர்ந்தாலென்ன? பாதையைத் திருப்பி வளைத்து அதனோடே சேர்த்தால் நேர்முனையும் எதிர்முனையும் மோதிக் குறுக்குச்சுற்று உண்டாகுமே என்ற கவலையும் இல்லை. ஆனால் ஓடுகின்ற ரயிலுக்குக் கட்டளை எப்படிச் சேர்ப்பது? அதற்குத்தான் வானொலி. இது புதிய எண்ணம் அன்று. 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடந்த மின்பொருட்காட்சியில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பி எதுவுமின்றி வானலைகளால் செலுத்திக் காட்டினார். படகினுள் இருந்தவை மின்கலங்கள், ஒரு வானலை ஏற்பி, ஒரு மோட்டார். இன்றைய தோட்டத்து ரயிலினுள் இருப்பவையும் அவையே.

எங்கிருந்து தொடங்குவது?

வாங்குபவர்கள் பெரும்பாலும் கையில் பிடிக்கும் கருவியைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். எத்தனை பொத்தான்கள், எவ்வளவு தூரம் எட்டும், விசில் ஊதுமா என்றுதான் கேட்கிறார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் கேட்டார். என் முடிவு இதற்கு நேர்மாறானது. மோட்டாரிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் கேட்கிறது என்பது மின்கலத்தைத் தீர்மானிக்கும், மின்கலத்தின் பருமன் அதனை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும், இவை முடிந்த பின்னரே வேகக் கட்டுப்படுத்தி, கைக்கருவி கடைசியில். இவ்வரிசையைத் தலைகீழாக்கி வாங்கினால், அழகான கைக்கருவி மேசையில் இருக்கும். அதன் ஏற்பி என்ஜினுள் நுழையாது, அல்லது முதல் ஏற்றத்திலேயே சூடாகி அணைந்துவிடும்.

ஆதலால் முதலில் பெரியப்பாவிடம் ஓர் அம்மீட்டரைத் தொடரிணைப்பில் சேர்த்து மூன்று அளவீடுகள் எடுக்கச் சொன்னேன். மண்டியிடாமல் செய்வதற்காக, பக்கத்து வீட்டு நண்பரைக் கொண்டு ஒரு மேசைமேல் நேர்ப்பாதை போட்டு அளந்தார். என்ஜின் தனியாக ஓடும்போது 0.4 ஆம்பியர். நான்கு பெட்டிகளுடன் பலகையைச் சாய்த்து ஏற்றத்தில் இழுக்கும்போது 0.9 ஆம்பியர். என்ஜினைக் கையால் பிடித்து நிறுத்தி, சக்கரங்கள் வழுக்கிச் சுழலும்போது 1.6 ஆம்பியர். இந்த மூன்றாவது அளவு மிக முக்கியமானது. ரயில் எதிலாவது முட்டி நின்றால் சாதாரணமாகச் சக்கரம் வழுக்குமே தவிர மோட்டார் நின்றுவிடாது. எனவே நடைமுறையில் வரக்கூடிய பெரும அளவு அதுதான்.

அதற்கும் மேலான எல்லை ஒன்று உண்டு. பல்சக்கரத்தில் கல் சிக்கி மோட்டார் அடியோடு நின்றுவிட்டால் என்னாகும்? சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் படித்திருக்கிறோம். நின்ற மோட்டாரில் அந்த எதிர்விசை சுழி. மீதமிருப்பது சுருளின் மின்தடை மட்டுமே. பெரியப்பாவின் மோட்டாரில் அது 6 ஓம். முழுதும் மின்னேற்றிய மின்கலத் தொகுதி 17 வோல்ட் தரும் என்று கொண்டால், 17ஐ 6ஆல் வகுக்க ஏறத்தாழ 2.8 ஆம்பியர். எனவே 3 ஆம்பியர் தாங்கும் வேகக் கட்டுப்படுத்தி போதும். 10 ஆம்பியர் கருவிதான் வேண்டும் என்று வற்புறுத்திய கடைக்காரருக்கு ஓம் விதி ஒன்றே விடையாயிற்று. இரண்டு மோட்டார்கள் கொண்ட பெரிய என்ஜின் வைத்திருப்போருக்கு இக்கணக்கு வேறாக வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து மின்னழுத்தம். எல்.ஜி.பி. வகை ரயில்களுக்கு 18 வோல்ட்டுக்கு மேலும் கொடுக்கும் மின்மாற்றிகள் உள்ளன. அத்தனையும் தேவையா? குறுகிய பாதை ரயில் ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு 8.33 மீட்டர்; 22.5ஆல் வகுத்தால் 0.37 மீட்டர். 24 மீட்டர் சுற்றை 65 நொடியில் முடிக்க வேண்டும். பழைய மின்மாற்றியைக் கொண்டு அந்த வேகத்தில் ஓட்டி அளந்தபோது தேவைப்பட்டது 10 வோல்ட். ஏற்றத்திற்கென்று இன்னும் நான்கு வோல்ட் கையிருப்பு வைத்தால் 14 வோல்ட் போதும். 24 வோல்ட் தொகுதி வாங்கியிருந்தால், இடமும் பணமும் வீணாவதைத் தவிர, ரயில் பந்தயக் குதிரை போல் வளைவில் கவிழ்ந்திருக்கும்.

லித்தியமா, நிக்கலா?

இங்கேதான் நான் ஊரார் சொல்லுக்கு மாறாக ஒன்றைச் சொன்னேன். இன்று எல்லோரும் லித்தியம் அயனி மின்கலத்தையே பரிந்துரைக்கிறார்கள். சோனி நிறுவனம் 1991இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அதன் பெருமையில் ஐயமில்லை. ஒரு கலம் 3.7 வோல்ட் தரும். நான்கைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட நான்கு உருளைகள் ஏறத்தாழ 180 கிராம்தான் எடை. என்ஜினுக்கு உள்ளேயே அடக்க வேண்டுமானால் இதற்கு இணை கிடையாது.

ஆனால் அதனை மின்னேற்றுவதில் ஒழுங்கு வேண்டும். கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதற்கென்று செய்த சார்ஜரும் தொகுதிக்குள்ளேயே ஒரு காப்புச் சுற்றும் இருந்தாக வேண்டும். நசுங்கினாலோ மிகையாக மின்னேற்றப்பட்டாலோ தீப்பற்றும். வெப்பநிலை சுழி டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது மின்னேற்றினால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். நம் ஊரில் இது வேடிக்கையாகத் தோன்றலாம், லீட்ஸ் நகரத் தோட்டக் கொட்டகையில் தை மாதத்தில் அப்படியல்ல.

நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலம் இதைவிடப் பழைய குடும்பம். ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். பேனா அளவுக் கலங்கள் 12 சேர்த்தால் 14.4 வோல்ட். எடை 300 கிராமுக்கு மேல் வரும். இடமும் கூடுதலாக அடைக்கும். ஆயினும் அது பொறுமை மிக்கது. கொஞ்சம் மிகையாக மின்னேற்றினால் சூடாகும், ஆயுள் குறையும், எளிதில் எரியாது. கேள்வி இடம் பற்றியது மட்டுமே. பெரியப்பாவின் என்ஜின் மிகச் சிறியது. லித்தியத்தையும் அதற்குள் வைக்க முடியாது. எப்படியும் பின்னால் வரும் மூடிய சரக்குப் பெட்டியில்தான் மின்கலம் போக வேண்டும். அப்பெட்டியிலோ இடம் தாராளமாக இருக்கிறது. இடம் இருக்குமிடத்தில் லித்தியத்தின் சிறப்பால் ஆவது ஒன்றுமில்லை. அதன் ஆபத்து மட்டும் வந்து சேரும். தனியாக வாழும் ஒரு முதியவர் சமையலறை மேசையில் வைத்து மின்னேற்றப்போகும் பொருள் இது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

கொள்ளளவுக் கணக்கு எளிது. சராசரி மின்னோட்டம் 0.7 ஆம்பியர், கலத்தின் கொள்ளளவு 2,000 மில்லியாம்பியர்-மணி. வகுத்தால் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம். அவர் ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் வெளியே உட்கார்வதில்லை. தேவைக்கு மேலேயே இருக்கிறது. வாங்கும்போது, தானே மின்னிழக்கும் வேகம் குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மழை நாட்களில் பெட்டிக்குள் இருந்தபடியே தீர்ந்து போயிருக்கும்.

மின்கலத்தைத் தனிப் பெட்டியில் வைப்பதில் ஒரு குறையும் ஒரு நன்மையும் உண்டு. எடை என்ஜின்மேல் இல்லாததால் சக்கரப் பிடிப்புக்கு அது உதவாது. இழுக்க வேண்டிய சுமைதான் கூடும். நன்மை பொருளாதாரத்தைச் சார்ந்தது. தண்டவாள மின்சாரத்தில் ஒரே மின்மாற்றி எத்தனை என்ஜின்களையும் ஓட்டும். மின்கல முறையில் என்ஜினுக்கு ஒன்று வாங்க வேண்டும். பத்து என்ஜின் வைத்திருப்பவருக்கு இது பெருஞ்செலவு. மின்கலம், ஏற்பி, கட்டுப்படுத்தி மூன்றையும் ஒரு பெட்டியில் வைத்து, என்ஜினோடு இரண்டு கம்பிச் செருகியால் இணைத்தால், அந்த ஒரு பெட்டியே எல்லா என்ஜின்களுக்கும் பொதுவாகிவிடும்.

வேகக் கட்டுப்படுத்தி பற்றிச் சில சொற்கள். நம் ஆய்வகத்தில் ரியோஸ்டாட்டை நகர்த்தி மின்னோட்டத்தைக் குறைக்கிறோம். மீதி ஆற்றல் வெப்பமாகப் போகிறது. மின்கலத்தில் ஓடும் ரயிலுக்கு அந்த ஊதாரித்தனம் கட்டாது. இன்றைய கட்டுப்படுத்திகள் முழு மின்னழுத்தத்தையே நொடிக்குப் பல முறை, நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை, விட்டு விட்டுக் கொடுக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தின் விகிதமே வேகம். நான்கு டிரான்சிஸ்டர்களைப் பாலம் போல் அமைத்து, எதிரெதிர் இணைகளை மாற்றித் திறப்பதால் முன்னும் பின்னும் செல்ல முடிகிறது.

வானலையின் கணக்கு

இனிக் கைக்கருவிக்கு வருவோம். பழைய கருவிகள் 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. அலைநீளம் 11 மீட்டர். கால் அலைநீள ஆண்டெனா 2.8 மீட்டர். சிறு ரயிலில் அவ்வளவு நீளக் கம்பியை எங்கே சுற்றுவது? சுருக்கி வைத்தால் ஏற்கும் திறன் குறைந்தது. மோட்டாரின் தூரிகையில் எழும் தீப்பொறியும் அந்த அதிர்வெண்ணில் இரைச்சலாக நுழைந்தது; அதை அடக்க 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தூரிகைகளுக்குக் குறுக்கே பற்றவைப்பார்கள். ஒரே அதிர்வெண் படிகத்தை இருவர் பயன்படுத்தினால் ஒருவர் கட்டளைக்கு மற்றவர் ரயில் ஓடும். இங்கிலாந்தில் தரைமேல் ஓடும் மாதிரிகளுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் பட்டையும், பறக்கும் மாதிரிகளுக்கு மட்டும் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் ஒதுக்கப்பட்டன.

இப்போது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். கால் பங்கு 31 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியை விடச் சிறியது. பல கருவிகளில் கைக்கருவியும் ஏற்பியும் ஒன்றையொன்று முன்பே அடையாளம் கண்டுகொண்டு, பட்டைக்குள் தாவித் தாவிப் பேசுவதால் பலர் ஒரே தோட்டத்தில் ஓட்டினாலும் குழப்பமில்லை. குறை என்னவென்றால் உலோகமும் ஈர இலைகளும் இவ்வலையைத் தடுக்கும். பித்தளையால் ஆன என்ஜினுள் ஏற்பியை வைத்தால் ஆண்டெனா நுனியை வெளியே கொண்டுவர வேண்டும். பெரியப்பாவின் சரக்குப் பெட்டி பிளாஸ்டிக். தோட்டம் 15 மீட்டர்தான். தூரம் அவருக்கு ஒரு பொருட்டே அன்று.

அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் இயங்கும் ரயில் கருவிகளும் விற்கின்றன. அப்பட்டை அமெரிக்கக் கண்டங்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஐரோப்பாவில் அது வேறு பணிகளுக்கானது. விலை மலிவு என்று கடல் கடந்து வருவித்துக்கொள்வோர் இதைக் கவனித்தாக வேண்டும்.

கைக்கருவிகள் பல வகை. கார் ஓட்டும் துப்பாக்கி வடிவக் கருவியில் விரலை எடுத்தால் விசை திரும்பிவிடும். ரயிலுக்கு அது ஆகாது, மணிக்கணக்கில் விரலை அழுத்திக்கொண்டிருக்க யாரால் முடியும்? விமானம் ஓட்டும் கருவியில் வேகத்தண்டு வைத்த இடத்தில் நிற்கும், அது தேவலாம். ரயிலுக்கென்றே செய்த குமிழ் வகைக் கருவியே உத்தமம். அதிலும் இரண்டு உண்டு. ஒன்றில் குமிழ் இடக்கோடியில் நிறுத்தம், திசைக்குத் தனிச் சுவிட்சு. மற்றதில் நடுவில் நிறுத்தம், வலப்புறம் திருப்பினால் முன்னே, இடப்புறம் திருப்பினால் பின்னே. முன்னதில் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டலாம். ஓடும்போது திசைச் சுவிட்சில் கை பட்டால் பல்சக்கரம் அதிரும். பார்க்காமலே விரலால் நடுவை உணரலாம் என்பதற்காகப் பின்னதை நான் தேர்ந்தேன்.

பெரியப்பாவின் பேத்திக்கு இதில் உடன்பாடில்லை. கைப்பேசியிலிருந்தே புளூடூத் வழியாக ஓட்டலாமே, தனிக் கருவி எதற்கு என்றாள். அத்தகைய ஏற்பிகள் உண்மையில் கிடைக்கின்றன. ஒலியும் விளக்கும் விசிலும் சேர்த்தே தருகின்றன. ஆனால் வழவழப்பான திரையில் விரலுக்குப் பிடிமானம் இல்லை. ரயிலைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயிலில் அத்திரையும் தெரிவதில்லை. இளைஞர்களுக்கு அது ஏற்றதாக இருக்கலாம். பெரியப்பாவின் பார்வையையும் நான் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒலியும் விளக்கும் நிறைய வேண்டுவோருக்கு மூன்றாவது வழியும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் தரப்படுத்திய டி.சி.சி. என்னும் எண்முறைக் கட்டளைகளைத் தண்டவாளத்திற்குப் பதிலாக வானலையில் அனுப்பி, என்ஜினுள் இருக்கும் சாதாரண டிகோடரை இயக்குவது. சிறந்த முறைதான். 200 பவுண்டுக்குள் மின்கலத்தோடு சேர்த்து அடங்காது என்பதால் விட்டுவிட்டோம்.

செய்தவர் கடையை மூடினால்?

இதைப் பற்றி விற்பனையாளர் யாரும் பேசுவதில்லை. தோட்டத்து ரயில் உலகம் சிறியது. அமெரிக்காவின் அரிஸ்டோ-கிராஃப்ட் நிறுவனம் 27 மெகாஹெர்ட்ஸிலும் பின்னர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ரயில் கட்டுப்பாட்டுக் கருவிகளை விற்றது; 2013ஆம் ஆண்டு இறுதியில் அது மூடப்பட்டது. முதலில் குறிப்பிட்ட லேமன் நிறுவனமே 2006இல் நொடித்துப் போய், எல்.ஜி.பி. பெயர் மறு ஆண்டில் மார்க்லின் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஏற்பிகளைச் செய்வோரில் பலர் ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தும் சிறு பட்டறைக்காரர்கள்; அவர் ஓய்வு பெற்றால் தொழிலும் ஓய்வு பெறும். எனவே ஒரு பகுதி வீணானால் மற்றவை வீணாகாதபடி வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு பொதுமொழி துணை நிற்கிறது. மாதிரி விமானம், படகு, கார் ஆகியவற்றின் ஏற்பிகள் பெரும்பாலும் மூன்று கம்பிச் செருகி வழியே ஒரே வகைத் துடிப்பைத்தான் வெளியிடுகின்றன. ஏறத்தாழ 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. அதன் அகலம் 1.5 மில்லிநொடியானால் நடுநிலை. 1 மில்லிநொடியானால் ஒரு கோடி. 2 மில்லிநொடியானால் மறு கோடி. இந்த மொழி தெரிந்த எந்த வேகக் கட்டுப்படுத்தியையும், அதே மொழி பேசும் எந்த ஏற்பியோடும் சேர்க்கலாம். ஏற்பியும் கட்டுப்படுத்தியும் ஒரே பலகையில் ஒட்டியவை அழகாகவும் சிறிதாகவும் இருக்கும். ஆனால் ஒன்று பழுதானால் இரண்டும் போச்சு. இடம் நிறைந்த சரக்குப் பெட்டியில் அந்தச் சிக்கனம் தேவையில்லை. தனித்தனியாகவே வாங்கச் சொன்னேன். கைக்கருவி செய்தவர் நாளை இல்லாமற் போனாலும், கைக்கருவியையும் ஏற்பியையும் மட்டும் மாற்றிவிட்டு, கட்டுப்படுத்தியையும் மின்கலத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவு 170 பவுண்டுக்குள் முடிந்தது.

வானலை துண்டிக்கப்பட்டால் ரயில் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். நிற்பதுதான் பாதுகாப்பு என்று உடனே சொல்லத் தோன்றும். கோடியில் முட்டுக்கட்டை உள்ள நேர்ப்பாதைக்கு அது சரி. பெரியப்பாவுடையது மூடிய சுற்று. கொட்டகைக்குப் பின்னே ஒரு சுரங்கமும் உண்டு. அங்கே ரயில் நின்றால் அவர்தான் தவழ்ந்து போய் எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் தானாகக் கண்ணெதிரே வந்துவிடும். ஆகவே அவருக்குத் தொடர்ந்து ஓடும்படி அமைப்பதே பொருத்தம். வாங்குபவரே மாற்றி அமைக்கக்கூடிய ஏற்பியா என்று கேட்டு வாங்கினோம். என்ஜினைத் தலைகீழாக மெத்தையில் வைத்துச் சக்கரங்களைச் சுழலவிட்டு, கைக்கருவியை அணைத்துப் பார்த்து இதனைச் சோதிக்கலாம்.

பொருத்தும்போது செய்ய வேண்டியவை மூன்று. தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்கு வரும் பழைய கம்பிகளை முற்றிலும் துண்டிக்க வேண்டும். நண்பர் வீட்டு மின்பாதையில் ஓட்டினால் வெளி மின்சாரம் உள்ளே புகுந்து கட்டுப்படுத்தியைக் கொன்றுவிடும். மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகிலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வேண்டும். இறுதியாக, மின்கலக் கம்பியை ஓர் இருவழிச் சுவிட்சின் நடு முனையில் இணைத்து, ஒரு பக்கம் சார்ஜர் செருகியையும் மறு பக்கம் வேகக் கட்டுப்படுத்தியையும் சேர்க்க வேண்டும். சுவிட்சு எந்தப் பக்கம் இருந்தாலும் மின்கலம் இரண்டில் ஒன்றோடுதான் தொடர்பு கொள்ளும். ஓட்டி முடித்ததும் சார்ஜர் பக்கம் தள்ளிவிட்டால், ஏற்பி சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக் கலங்களைக் காலியாக்குவதும் நின்றுவிடும்.